ஒன்றிரண்டாக இடித்தல்

உப்பு, மிளகு, மல்லி, கடுகு, பூண்டு, காய்ந்த மிளகாய், சதகுப்பை. இந்த ஏழில் ஆறு நம் அடுக்களையில் எப்போதும் இருப்பவை. ஏழாவதான சதகுப்பை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கனடாவின் மான்ட்ரியால் நகரத்துப் பெயரைத் தாங்கி, ஸ்டேக் மசாலா என்று உலகமெங்கும் பாட்டிலில் விற்பனையாவது அடிப்படையில் இவ்வளவுதான். சிலர் காய்ந்த வெங்காயத் துகள் சேர்ப்பார்கள், சிலர் நிறத்துக்காகப் பாப்ரிகா சேர்ப்பார்கள். பட்டியலைப் பார்த்தால் ரசப்பொடிக்கு ஒன்றுவிட்ட தம்பி போலத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தடவிக் கரி நெருப்பில் சுட்ட இறைச்சியில் ரசத்தின் வாசம் துளியும் வராது. மிளகும் மல்லியும் மிளகாயும் பூண்டும் இரண்டிலும் இருக்க, சுவை மட்டும் எங்கே பிரிந்து போகிறது?

இந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் பதில் சொன்னவர் வேதியியல் படித்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து, மான்ட்ரியாலில் ஓர் உணவகத்தின் கரி அடுப்பு முன் பல ஆண்டுகள் நின்றவர். அந்த நகரத்தில் ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். உணவகங்களின் பின்கட்டில் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அவர்களில் பலர். என் வீட்டில் நான் அரைத்து வைத்திருந்த மசாலாவை அவரிடம் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்தார். வாயில் போடவில்லை, முகரவும் இல்லை.

“சாமான் எல்லாம் சரி தம்பி. ஆனால் மாவாக்கிப் போட்டீர். இது கருகிப்போகும். ஒண்டு ரெண்டா இடிக்கோணும்.”

அவர் சொன்னது அன்றே நடந்தது. மிக்சியில் நைசாக அரைத்த என் மசாலா, காய்ந்த இரும்புச் சட்டியில் பட்டதும் கருத்தது. புகை எழுந்தது, வீட்டில் எல்லோருக்கும் இருமல். இறைச்சியின் மேல் கசந்த ஒரு கரும்படலம் ஒட்டிக்கொண்டது. அதன் அடியில் இறைச்சி வெளிறிக் கிடந்தது. அதே பொருள்களை மறுநாள் கல்லுரலில் போட்டு, அவர் சொன்னபடி ஒன்றிரண்டாக இடித்துச் சுட்டபோது கிடைத்தது வேறு ஒரு உணவு. பொருளும் எடையும் நெருப்பும் மாறவில்லை. துகளின் அளவு மட்டுமே மாறியிருந்தது.

‘ஒன்றிரண்டாக’ என்ற சொல்லை நாம் தினமும் யோசிக்காமல் சொல்கிறோம். அதற்குள் இருக்கும் இயற்பியல் சாதாரணமானதல்ல.

முதலில் இந்த மசாலா எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் பெருமளவில் மான்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் உப்பும் மசாலாவும் ஏற்றிப் பதப்படுத்திப் புகையூட்டும் இறைச்சிக் கலையைக் கையோடு கொண்டுவந்தார்கள். மாட்டின் நெஞ்சுக்கறியை மிளகு, மல்லி, பூண்டு, கடுகு ஆகியவற்றோடு நாள்கணக்கில் ஊறவைத்துப் புகையில் வேகவைப்பது அந்த முறை. ரூபன் ஷ்வார்ட்ஸ் என்ற ருமேனிய யூதர் செயின்ட் லாரன்ட் சாலையில் திறந்த கடை 1928 முதல் அதே பெயரில் இன்றும் நடக்கிறது. அந்தக் கடையில் ஸ்டேக் சுடும் வேலையில் இருந்த மோரிஸ் ஷெர்மன் என்பவர், நெஞ்சுக்கறிக்கான ஊறல் மசாலாவை எடுத்துத் தான் சாப்பிடும் ஸ்டேக்கின் மேலும் ஈரலின் மேலும் தூவிக்கொண்டார் என்றும், அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் தங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று கேட்டார்கள் என்றும் அந்த ஊரில் கதை சொல்வார்கள். நிழல் என்பது அவருடைய பட்டப்பெயராம்.

கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும், அதற்குள் ஓர் அறிவியல் தடயம் இருக்கிறது. ஊறவைக்கும் மசாலாவை யாரும் மாவாக அரைப்பதில்லை. நாள்கணக்கில் ஊறுவதற்குப் பருத்த துகளே போதும். அந்தப் பருமனோடுதான் அது கரி அடுப்புக்கு இடம் மாறியது. வேறொரு வேலைக்காக உடைத்த மசாலா இந்த வேலைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இனி துகளின் கணக்கு. முழு மிளகு ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அரை மில்லிமீட்டர்த் துகள்களாக அரைத்தால், எடை மாறாது. வெளிப்பரப்பு மட்டும் 8 மடங்காகும். மாவு போல 0.1 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனால் 40 மடங்கு. வாசனை எண்ணெய் ஆவியாவதும், காற்றின் ஆக்சிஜன் உள்ளே புகுவதும், நெருப்பில் கருகுவதும் எல்லாமே பரப்பின் வழியாகத்தான் நடக்கின்றன. ரசத்தில் பொடி கொதிநீரில் விழுகிறது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியோடு நின்றுவிடும், கருக வழியில்லை. ஐந்து நிமிடத்துக்குள் சாரம் முழுவதும் நீரில் இறங்க வேண்டும் என்பதால் பரப்பு அதிகமாக இருப்பது அங்கே நன்மை. ஸ்டேக் சுடும் கரி அடுப்பிலோ காய்ந்த இரும்பிலோ வெப்பம் 250 டிகிரியைத் தாண்டும். அங்கே பரப்புதான் எதிரி. ரசத்துக்குப் பொடி, ஸ்டேக்குக்கு உடைப்பு என்று இரண்டும் பிரிவது இந்த இடத்தில்தான்.

மிளகிலிருந்து தொடங்குவோம். இந்த மசாலாவின் தலைவன் மிளகுதான், நமக்கும் அதற்கும் உள்ள உறவும் பழையது. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்றாலே மிளகுதான். யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாடலில் இருக்கிறது. இன்று கறி என்றால் இறைச்சி. ஒரு சொல் மிளகிலிருந்து கிளம்பி, மிளகு தூவிய பண்டத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஸ்டேக்கில் நடப்பது பழைய கறியைப் புதிய கறியின் மேல் அழுத்துவது.

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருளை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். மறு ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டுபிடித்து இயற்பியலையே திருப்பியவர் அவர்தான். மின்காந்தவியலுக்குப் பின்னால் இருக்கும் அதே கைகள் மிளகையும் உரித்துப் பார்த்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பைப்பரின் எளிதில் ஆவியாகாது. அதனால் மிளகைச் சுட்டாலும் காரம் பெரும்பாலும் தங்கிவிடும். போய்விடுவது வாசம். பைனீன், லிமோனீன், சபினீன் போன்ற இலகுவான எண்ணெய்கள் மிளகு உடைந்த கணத்திலேயே கிளம்பத் தொடங்குகின்றன. பாட்டிலில் மாதக்கணக்கில் கிடந்த மிளகுத்தூளில் காரம் இருந்து மணம் இல்லாமல் போவது இதனால்தான்.

மிளகுக்குள் இன்னொரு மணப்பொருளும் உண்டு. ரோட்டன்டோன் என்று பெயர். ‘மிளகு வாசம்’ என்று நாம் சொல்வதன் உயிர்நாடி இது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் தேடிப் போனது மிளகை அல்ல. ஷிராஸ் திராட்சை மதுவில் மிளகு வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய் மிளகில் வந்து நின்றார்கள். ஒரு லிட்டர் நீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்கு இதைக் கண்டுகொள்ளும். கணக்குப் போட்டால் 12.5 கோடி லிட்டர் நீருக்கு ஒரு கிராம். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் ஐம்பதில் கரைத்த ஒரு கிராம். அதே ஆய்வில், பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதைவிடப் பல நூறு மடங்கு செறிவிலும் இந்த வாசம் தெரியவில்லை. ஒரே மேசையில் ஒரே ஸ்டேக்கைச் சாப்பிடும் ஐந்து பேரில் ஒருவர் வேறு ஒரு மிளகைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ‘மிளகில் அப்படி என்ன வாசம்’ என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அவருடைய மூக்கின் மரபணு அப்படி இருக்கலாம்.

ஒன்றிரண்டாக உடைத்த மிளகில் இந்த எண்ணெய்களில் பெரும்பகுதி உடையாத அறைகளுக்குள் பூட்டியே கிடக்கிறது. துகளின் வெளிப்புறம் நெருப்பில் வறுபட, உட்புறம் காத்திருக்கிறது. பூட்டைத் திறப்பது உங்கள் கடைவாய்ப் பல். தட்டுக்கு வந்த பின் வாய்க்குள் உடையும் மிளகின் வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ஒரே சீராக எல்லா இடத்திலும் பரவிய சுவைக்கு நாக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடிக்கும் சுவைக்கு ஒவ்வொரு முறையும் விழித்துக்கொள்ளும். பருத்த துகளுக்கு இது இரண்டாவது காரணம். எனக்கு முதல் காரணமே இதுதான் என்று தோன்றுகிறது.

உப்புக்கு வருவோம். மசாலாவில் உள்ள ஏழில் இறைச்சிக்குள் உண்மையாகவே நுழைவது உப்பு மட்டும்தான். இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். பைப்பரின், மல்லியின் லினலூல், மிளகாயின் கேப்சைசின் எல்லாம் கொழுப்பில் கரைபவை, நீரைக் கண்டால் ஒதுங்குபவை. ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாலும் அவை மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ‘மசாலா நன்றாக இறங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் இறங்கியிருப்பது உப்புதான். அது மிகச் சிறிய அயனிகளாகப் பிரிந்து நீரின் வழியே மெல்ல நகர்கிறது.

அதற்குக் கால அட்டவணை ஒன்று உண்டு. உப்புத் தூவிய சில நிமிடங்களில் இறைச்சியின் மேல் முத்து முத்தாக நீர் பூக்கும். உப்பு அதை வெளியே இழுத்திருக்கிறது. கால் மணி நேரத்தில் உப்பு அந்த நீரிலேயே கரைந்து ஒரு செறிந்த கரைசலாகிறது. அந்தக் கரைசல் தசைநாரில் உள்ள மயோசின் புரதத்தைச் சற்றே இளக்கி, மெதுவாக மறுபடி உள்ளே போகிறது. இதற்கு 40 நிமிடமாவது வேண்டும். அதனால் மசாலாவைத் தடவுவதென்றால் 40 நிமிடத்துக்கு முன்போ, அல்லது அடுப்பில் வைக்கும் கணத்திலோ தடவுங்கள். இடைப்பட்ட பத்து, பதினைந்து நிமிடம்தான் மோசமான நேரம். அப்போது மேற்பரப்பு முழுக்க ஈரம்.

ஈரம் ஏன் ஆகாது? இறைச்சியின் பழுப்பு நிறமும் சுட்ட வாசமும் மையார் வினையால் வருபவை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் இணைந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகும் இந்த வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார். இது வேகம் பிடிக்க ஏறத்தாழ 140 டிகிரி தேவை. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100ஐத் தாண்டாது. ஒரு கிராம் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 335 ஜூல் போதும்; அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். அடுப்பின் உழைப்பெல்லாம் ஈரத்தை விரட்டுவதிலேயே போய், அதற்குள் உட்புறம் அளவுக்கு மீறி வெந்துவிடும். சுடுமுன் ஒரு துணியால் ஒற்றி எடுப்பது சமையல்காரரின் சடங்கல்ல; வெப்ப இயற்பியல்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பருத்த துகளுக்கும் ஒரு குறை உண்டு. தட்டையான இரும்புச் சட்டியில் அது இறைச்சியைத் தூக்கிப் பிடிக்கும். மிளகுத் துண்டுகளின் மேல் இறைச்சி நின்றுகொண்டிருக்க, இரும்புக்கும் இறைச்சிக்கும் இடையே காற்று புகும். பழுப்பு சீராக ஏறாது. கரி அடுப்பில் இந்தச் சிக்கல் இல்லை. கனலும் கரி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை அனுப்புகிறது, துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளிலும் அது நேராகப் போய் விழும். இந்த மசாலா கரி அடுப்பில் பிறந்ததற்கு அடையாளம் இது. வீட்டில் சட்டிதான் இருக்கிறது என்றால், முதலில் வெறும் உப்போடு ஒரு பக்கத்தைச் சுட்டுவிட்டுத் திருப்பிப் போடுங்கள். சுட்ட பக்கம் இப்போது மேலே இருக்கிறது. மசாலாவை அதன் மேல் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். மறுபடி திருப்பாதீர்கள். உருகும் கொழுப்பை ஒரு கரண்டியால் அள்ளி அதன் மேல் ஊற்றினால், பைப்பரினும் லினலூலும் தங்களுக்குப் பிடித்த கொழுப்பில் கரைந்து இறைச்சி முழுவதும் பரவும்.

பூண்டின் கதை வேறு. பச்சைப் பூண்டுப் பல்லுக்கு முழுதாக இருக்கும்வரை வாசமே கிடையாது. அல்லீன் என்ற பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி பக்கத்து அறையிலும் இருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்க, நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. குறைந்த வெப்பத்தில் உலர்த்திய பூண்டில் இந்த இரண்டும் நீர் இல்லாததால் தூங்கிக்கொண்டிருக்கும். மசாலாவை இறைச்சியின் மேல் தடவியதும் உப்பு வெளியே இழுத்த நீர் அந்தப் பூண்டுத் துகளை எழுப்புகிறது. 40 நிமிடக் காத்திருப்பின் இரண்டாவது பலன் இது. பூண்டுக்குத் துகள் அளவு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். அதில் சர்க்கரை மிகுதி, மாவாக இருந்தால் மற்றவற்றுக்கு முன்னால் கருகிக் கசக்கும். கடையில் வாங்குவதானால் பூண்டுத்தூள் வேண்டாம், ரவை பதத்தில் உள்ள குருணையாகக் கேட்டு வாங்குங்கள்.

மல்லியை நாம் வறுத்தே பழகியவர்கள். இங்கே வறுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல், எலுமிச்சையும் பூவும் கலந்தாற்போன்ற மணம். வறுத்தால் அது குறைந்து கொட்டை போன்ற வறுவல் வாசம் கூடும். நெருப்பில் எப்படியும் வறுபடப் போகிற ஒன்றை முன்னாலேயே வறுத்தால், பூ வாசம் இருமுறை இழப்பாகும். கடுகும் அப்படியே பச்சையாக உடைபடட்டும். நம் கருங்கடுகு மூக்கில் ஏறும். மான்ட்ரியாலில் போடும் மஞ்சள் கடுகின் காரம் ஆவியாகாமல் நாக்கிலேயே நிற்கும். இரண்டிலும் காரம் பிறப்பது பூண்டைப் போல ஒரு நொதியால்தான், அந்த நொதி சூட்டில் செத்துவிடும். எனவே சுட்ட பின் கடுகு காரத்தைவிட மொறுமொறுப்புக்குத்தான் உதவுகிறது. தாளிதத்தில் நாம் கண்டிருப்பதும் அதே கடுகைத்தான். உலகச் சந்தைக்குக் கடுகை மிகுதியாக அனுப்பும் நாடுகளில் கனடாவும் ஒன்று. மேற்கே சஸ்காச்சுவான் மாகாணத்தின் சமவெளிகளில் அது விளைகிறது. மிளகைப் போல அல்லாமல், கடுகு அந்த மசாலாவுக்கு உள்ளூர்ச் சரக்கு.

இனி சதகுப்பை. மசாலாவை மான்ட்ரியால் மசாலாவாக்குவது இதுதான். அதன் வாசத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். கார்வோன் மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். சதகுப்பையில் இருப்பது ஒரு கை. மிட்டாய்களில் வரும் ஸ்பியர்மின்ட் புதினாவில் இருப்பது மறு கை. அணுக்களின் எண்ணிக்கை, எடை, கொதிநிலை எல்லாம் ஒன்றேதான், வாசம் மட்டும் வேறு. வலக்கை உறைக்குள் இடக்கை போகாதது போல, நம் மூக்கின் ஏற்பிகளும் கை பார்த்தே ஏற்கின்றன. இந்த வேறுபாடு 1971இல் ஆய்வுகளால் உறுதியானது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இந்தியச் சதகுப்பையில் ஐரோப்பிய வகையைவிடக் கார்வோன் குறைவு, டில்லபியோல் என்ற வேறொரு எண்ணெய் கூடுதலாக இருக்கும். மணம் சற்று மருந்துச் சாயல் கொள்ளும். அதைப் போட்டால் தவறில்லை, அளவை மட்டும் சிறிது குறையுங்கள்.

மிளகாயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேப்சைசினும் பைப்பரினும் தட்டுவது ஒரே கதவைத்தான். டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அடையாளம் கண்ட டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பி அது. அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஏற்பி ஏறத்தாழ 43 டிகிரிச் சூட்டிலும் திறப்பதால், சூடான ஸ்டேக்கில் மிளகு கூடுதலாக உறைப்பது போல் தோன்றும். ஆறியதைச் சாப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எல்லாவற்றையும் இடித்துக் கலந்து ஜாடியில் போட்டாயிற்று என்று நிம்மதி அடைய முடியாது. நான் ஒரு கண்ணாடி ஜாடியில் கலவையை நிரப்பி, கலக்கும் எண்ணத்தில் நூறு முறை குலுக்கிப் பார்த்தேன். குலுக்கக் குலுக்கக் கலவை பிரிந்தது. அரைப் பிளவாக உடைந்த மல்லி மேலே ஏறி நின்றது. நடுவில் மிளகு. அடியில் வெள்ளையாக ஒரு விரல்கடை உயரத்துக்கு உப்புத் தூளும் பூண்டுத் தூளும். மேலிருந்து எடுத்த கரண்டியில் உப்பே இல்லை. கடைசிக் கரண்டி வாயில் வைக்க முடியாத கரிப்பு.

இதற்குப் பிரேசில் கொட்டை விளைவு என்று பெயர். கலவைக் கொட்டைப் பொட்டலத்தைத் திறந்தால் பெரிய பிரேசில் கொட்டை எப்போதும் மேலே கிடக்கும். ரொசாட்டோ என்பவரும் மூன்று உடன் ஆய்வாளர்களும் 1987இல் கணினி வழி இதை விளக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் பெரிய துகளுக்கு அடியில் ஒரு சிறு வெற்றிடம் பிறக்கிறது. அதில் சிறிய துகள் உடனே சரிந்து விழும். பெரியது விழ இடம் போதாது. இப்படியே சிறியவை இறங்க இறங்கப் பெரியவை ஏறுகின்றன. உமியும் நொய்யும் அரிசியும் முறத்தில் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு, அசைவு என்பது கலப்பதற்கு மட்டுமல்ல, பிரிப்பதற்கும்தான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தீர்வு மறுபடியும் ஒன்றிரண்டுதான். எல்லாத் துகளும் ஏறத்தாழ ஒரே பருமனில் இருந்தால் பிரிய வழி குறைவு. அதனால் தூள் உப்பு இந்த மசாலாவுக்கு ஆகாது, கல்லுப்புதான் சரி. அதைத் துடைத்து, வெறும் சட்டியில் ஈரம் போகப் புரட்டி, மிளகுத் துண்டின் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். இடித்ததை எல்லாம் ரவை சலிக்கும் சல்லடையில் ஒருமுறை சலியுங்கள். மேலே நிற்பது ஜாடிக்கு. கீழே விழும் தூளைத் தூக்கி எறியாதீர்கள், மறுநாள் ரசத்துக்கு அதைவிட நல்ல பொடி கிடையாது.

கல்லுப்பைப் புரட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் கொஞ்சமாக ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். குளிர்கால மான்ட்ரியாலில், சூடேற்றிய வீட்டுக்குள் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். அங்கே மசாலா மாதக்கணக்கில் உதிரியாக நிற்கும். சென்னையின் ஐப்பசியில் ஒரே வாரத்தில் கட்டி தட்டும். கட்டி தட்டுவதோடு போகாது. அந்த ஈரம் பூண்டின் நொதியை ஜாடிக்குள்ளேயே எழுப்பிவிடும், இறைச்சிக்கு வர வேண்டிய வாசம் ஜாடியிலேயே செலவாகிவிடும்.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கலவையில் பச்சைப் பூண்டைச் சேர்த்து எண்ணெய் ஊற்றி, தடவுவதற்குத் தயாராக வெளியே எடுத்து வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். 1985இல் மான்ட்ரியாலில் இரண்டு இளம் சகோதரிகளுக்கும் அவர்கள் தாய்க்கும் போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் கண்டறியப்பட்டது. தேடிப் போனபோது, மூவரும் நாட்டின் மறுகோடியில் உள்ள வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டது தெரிந்தது. அதே இடத்தில் சாப்பிட்டு, நோய் இன்னதென்று அறியப்படாமல் இருந்த மேலும் 36 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். குற்றவாளி, எண்ணெயில் போட்டுக் குளிர்பதனம் இல்லாமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டு. மண்ணிலிருந்து பூண்டோடு வந்த கிளாஸ்ட்ரிடியம் வித்துகளுக்கு எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத வீடு கிடைத்துவிட்டது. வாசத்தாலோ நிறத்தாலோ அந்த நச்சு தன்னைக் காட்டிக்கொள்ளாது. உலர்ந்த பூண்டை உலர்ந்த மசாலாவாக மட்டும் வையுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் சமைக்கும் நேரத்தில் இறைச்சியின் மேல் தடவுங்கள்.

அளவுகளைக் கரண்டியால் சொல்லாமல் எடையால் சொல்கிறேன். உடைத்த பொருளைக் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வரும். சலித்த பின் மேலே நின்றதில் கல்லுப்பு 40 கிராம், மிளகு 30, மல்லி 15, பூண்டுக் குருணை 15, கடுகு 8, சதகுப்பை 7, மிளகாய்த் துகள் 5. மொத்தம் 120 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. இறைச்சியின் எடையில் ஒரு சதவீத உப்பு பெரும்பாலான நாக்குகளுக்குச் சரியாக இருக்கும். 300 கிராம் ஸ்டேக்குக்கு 3 கிராம் உப்பு, அதாவது 9 கிராம் மசாலா. ஒரு ஜாடி 13 ஸ்டேக்குக்கு வரும். மாட்டிறைச்சி உண்ணாத வீட்டில் ஆட்டு விலாக்கறிக்கும், தடித்த வஞ்சிரத் துண்டுக்கும், அரைவேக்காட்டில் எடுத்த சேனைக்கிழங்குக்கும் இதே ஒரு சதவீதக் கணக்கு செல்லும். சேனையில் கொழுப்பு இல்லை என்பதால் நெய்யோ எண்ணெயோ தடவிய பிறகே மசாலாவை அழுத்துங்கள்.

மிக்சியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் ஓடவிடாதீர்கள். விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். ஜாடியைக் குலுக்காமல் படுக்கவைத்து மெல்ல உருட்டுங்கள். கரண்டியை அடிவரை விட்டு எடுங்கள். மூடியின் மேல் இடித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அதில் காரம் இருக்கும், வாசம் இருக்காது. ஆகவே கொஞ்சமாக இடியுங்கள்.